பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்: கூச்சத்தில் கேட்காமல் விட்ட கேள்விகள்

எனக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் வயிற்றில் மலம் சேரும் பையோடு இருந்தேன். இப்போது, புதிதாக நோய் தெரியவந்தவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறவை இவை. நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்தவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இது சரியாக எந்த இடத்தில் வருகிறது?

சிறுகுடல் முடிகிற இடம் வலப்பக்க அடிவயிறு. பெருங்குடல் அங்கே தொடங்கி, மேலே ஏறி, வயிற்றின் குறுக்கே இடப்பக்கம் போய், கீழே இறங்கி, மலக்குடலாகி ஆசனவாயில் முடிகிறது. மொத்தம் சுமார் ஒன்றரை மீட்டர். இந்த ஒன்றரை மீட்டரின் உள்சுவரில் எங்கே வேண்டுமானாலும் வரலாம். சிறுகுடலில் புற்றுநோய் அபூர்வம், அதனால் பேச்சில் ‘குடல் புற்றுநோய்’ என்றால் பெரும்பாலும் இதுதான்.

2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். உயிர் பறிக்கும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கு.

நேற்றுவரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று எப்படி வந்தது?

தெரிந்ததுதான் திடீரென்று. நோய் வருடக்கணக்கில் வளர்ந்திருக்கும். குடலின் உள்தோலில் முதலில் சின்னதாக ஒரு சதை மொட்டு கிளம்புகிறது. அதைத்தான் பாலிப் என்கிறார்கள். பெரும்பாலான பாலிப்கள் கடைசிவரை சாதுவாகவே இருந்துவிடும். சிலவற்றின் செல்களில் மட்டும் மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டுப்போகின்றன. இந்தப் படிப்படியான சரிவை ஃபியரான், வோகல்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் ஒரு மாதிரியாக வகுத்துக் காட்டினார்கள். சின்ன மொட்டு புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் அளவில் ஆகும்.

இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இந்தப் பத்து வருடத்தைத்தான் சொல்வேன். நமக்குக் கிடைக்கிற அவகாசம் அது. மொட்டாக இருக்கும்போதே முழுதாகக் கிள்ளிவிட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் வருவது அபூர்வம். வயிற்றைத் திறக்காமல், குழாய் வழியாகவே பாலிப்பை வெட்டி எடுக்கும் முறையை நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்ற இரு மருத்துவர்கள் 1969இல் செய்து காட்டினார்கள். மற்ற பல புற்றுநோய்களில் ‘சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்’ என்று மட்டுமே சொல்ல முடிகிறது. இங்கே வராமலே தடுக்கலாம்.

மலத்தில் ரத்தம் வருகிறது. மூலம்தானே?

அநேகமாக மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும். சிக்கலே அந்த ‘அநேகமாக’வில்தான். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். நான் ஏழு மாதம் மூலத்துக்கான களிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். மூலம் எனக்கு உண்மையிலேயே இருந்தது. அதற்கு ஓரங்குல தூரத்தில் மற்றதும் இருந்தது.

பளிச்சென்ற சிவப்பு ரத்தம் என்றால் மூலம், கருஞ்சிவப்பு என்றால் வேறு என்று சிலர் நிறம் பார்த்துச் சொல்வார்கள். மலக்குடலில் இருக்கும் கட்டியும் பளிச்சென்ற சிவப்பில்தான் கசியும். அதனால் நிறத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்கும், இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மற்றபடி ரத்தம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கையுறை போட்டு ஒரு விரலால் உள்ளே தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்குக் கூச்சப்பட்டுத்தான் நான் ஏழு மாதத்தை விட்டேன்.

ரத்தமே வரவில்லை என்றால் கவலையில்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். வலப்பக்கம் குடல் அகலமானது, மலமும் அங்கே நீர்ப்பதத்தில் இருக்கும். கட்டி வளர்ந்தாலும் எளிதில் அடைக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறிப்போகிறது, சும்மாவே களைப்பு. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று வரும். இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள், கொஞ்சம் ஏறும், திரும்ப இறங்கும். ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால் ‘இந்த ரத்தம் எங்கே போகிறது’ என்று கேட்டே ஆக வேண்டும். மாத்திரையோடு திருப்பி அனுப்பினால் விடாமல் கேளுங்கள்.

இடப்பக்கம் குடல் குறுகலானது. அங்கே மலம் கழிக்கும் வழக்கம் மாறும். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவருக்கு மலச்சிக்கல், அப்புறம் வயிற்றுப்போக்கு, மறுபடி மலச்சிக்கல். மலம் மெலிந்து வரலாம். மலக்குடலில் கட்டி இருந்தால், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் ஏதோ மிச்சம் இருப்பது போலவே இருக்கும். இந்த மாதிரி மாற்றம் மூன்று வாரம் தாண்டியும் நீடித்தால் காட்டுங்கள். காரணமில்லாமல் எடை குறைவதும் தீராத வயிற்று வலியும் இதே பட்டியலில் வரும்.

ஒன்றை மட்டும் வாரக்கணக்கில் தள்ளக் கூடாது. வயிறு உப்பி, வாயு கூடப் பிரியாமல், வாந்தி எடுத்தால் குடல் அடைத்திருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எனக்கு 34 வயதுதான். இதெல்லாம் வயதானவர்களுக்கு வருவதில்லையா?

இன்றும் நோயாளிகளில் பெரும்பான்மை 50 வயதைக் கடந்தவர்கள்தான். ஆனால் இளையவர்களிடம் பல நாடுகளில் கூடிக்கொண்டே வருகிறது. அமெரிக்கப் பதிவுகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்களை 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்களோடு, அவர்கள் இதே வயதில் இருந்தபோதிருந்த நிலையோடு, ஒப்பிட்டது. பெருங்குடல் புற்றுநோய் அபாயம் இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் அபாயம் நான்கு மடங்கு. உடல் பருமன், உணவுமுறை, குடல் நுண்ணுயிர்கள் என்று பல பக்கம் விரல் நீள்கிறது.

நடிகர் சாட்விக் போஸ்மனுக்கு 2016இல் நோய் தெரிந்தபோது வயது 39. மூன்றாம் நிலை. நான்கு வருடம் வெளியே சொல்லாமல் சிகிச்சைக்கு நடுவிலேயே நடித்து, 2020இல் 43 வயதில் இறந்தார். பிரிட்டனின் ஒலிபரப்பாளர் டெபோரா ஜேம்ஸுக்கு அதே 2016இல் நோய் தெரிந்தபோது வயது 35. அவர் நேரெதிர். மலம், ரத்தம், பை எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே ஊர் முழுக்கப் பேசினார். 2022இல் இறப்பதற்கு முந்தைய வாரங்களில்கூட ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். எந்த வழி சரி என்று சொல்ல நான் யார். அவரவர் நோய், அவரவர் விருப்பம்.

இளையவர்களின் பிரச்சினை வேறு. ‘இந்த வயதில் இதெல்லாம் வராது’ என்று முதலில் அவர்களே சொல்லிக்கொள்வார்கள், அடுத்து மருத்துவரும் சொல்லிவிடுவார். வயதைக் காட்டித் திருப்பி அனுப்பினால், ‘வேறு என்னவாக இருக்கலாம், எத்தனை வாரத்தில் சரியாகாவிட்டால் திரும்ப வர வேண்டும்’ என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஒரு தொந்தரவும் இல்லை. எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்க வேண்டும்?

நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதில் தொடங்கச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 50 முதல் 74 வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மலப் பரிசோதனைக் கருவியை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அப்படியே, 45 முதல் 49 வயதுக்காரர்கள் 2024 ஜூலை முதல் தாங்களே கேட்டு வாங்கலாம். ஜப்பான் 1992இலேயே மலப் பரிசோதனையை நாடு தழுவிய திட்டமாக்கிவிட்டது. பல நாடுகளில் இப்படித் திட்டமே கிடையாது; அங்கே நீங்களாக மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டியதுதான்.

பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. வருடம் ஒருமுறை மலப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் இந்த நோயால் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதுவும் இப்போதிருப்பதைவிடப் பழைய, மந்தமான சோதனையை வைத்து.

இது தொந்தரவு இல்லாதவர்களுக்கான சோதனை. ரத்தமோ வேறு அறிகுறியோ இருப்பவர்கள் தங்கள் முறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நேராக மருத்துவரைப் பாருங்கள்.

மலப் பரிசோதனையை வீட்டில் எப்படிச் செய்வது?

நினைக்கிற அளவுக்கு அருவருப்பாக இருக்காது. கழிப்பறைத் தண்ணீரில் மலம் விழாதபடி காகிதத்தையோ ஒரு பாத்திரத்தையோ வைத்துப் பிடிக்க வேண்டும். குப்பியின் மூடியோடு ஒரு குச்சி வரும். அதன் வரிவரியான நுனியை மலத்தில் நாலைந்து இடத்தில் குத்தினால் போதும். அள்ளி நிறைக்கக் கூடாது, குறைவாக இருப்பதுதான் சரி. மூடி, தேதி எழுதி, சொன்ன இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்போதைய சோதனைக்கு ஃபிட் என்று பெயர். மனித ரத்தத்தின் குளோபின் புரதத்தை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள் அதில் இருக்கிறது. அதனால் பழைய சோதனையைப் போல மூன்று நாள் இறைச்சி சாப்பிடாதே, அதைத் தொடாதே என்ற பத்தியம் எதுவும் கிடையாது. இரைப்பையில் கசிகிற ரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரித்துவிடும் என்பதால் இது பெருங்குடலைத்தான் காட்டிக்கொடுக்கும். மாதவிலக்கு நாட்களில் மட்டும் தள்ளிவையுங்கள்.

‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டது. புற்றுநோயா?

மலத்தில் ரத்தம் இருக்கிறது, அவ்வளவுதான். பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. நிறையப் பேருக்குப் பாலிப் இருக்கும், அதே நேரத்தில் எடுத்தும்விடுவார்கள். ஆனால் அடுத்த படியான கொலனோஸ்கோப்பிக்கு (ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) போகாவிட்டால் முதல் சோதனை செய்ததே வீண். ‘இன்னொரு முறை செய்து பார்க்கிறேன், நெகட்டிவ் வந்தால் விட்டுவிடுகிறேன்’ என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாலிப் தினமும் கசியாது. இரண்டாவது சோதனை நெகட்டிவ் வந்தாலும் முதல் சோதனையின் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

நெகட்டிவ் வந்தவர்களுக்கும் இதே கதைதான். ஒருமுறை தப்பியது அடுத்த முறை சிக்கலாம் என்பதால்தான் குறித்த இடைவெளியில் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள்.

கொலனோஸ்கோப்பி வலிக்குமா?

சோதனையைவிட முந்தின நாள்தான் பெரிய பாடு. குடல் கழுவியது போல் இருந்தால்தான் கேமராவுக்குச் சின்ன பாலிப் தெரியும். அதற்காகத் தெளிந்த பானங்கள் மட்டும் குடித்து, பேதி மருந்தைப் பாதி முந்தின இரவும் மீதி மறுநாள் காலையும் குடிக்கச் சொல்வார்கள். லிட்டர் கணக்கில், உப்புக் கரிக்கும். குளிரவைத்து, உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பக்கம் வைத்துக் குடித்தால் கொஞ்சம் தாங்கும். கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருங்கள், மெல்லிய காகிதமும் வாசலின் போன்ற களிம்பும் எடுத்து வையுங்கள். ஐந்தாவது முறை போன பிறகு எனக்கு நன்றி சொல்வீர்கள். கடைசியில் வெளிவருவது தெளிந்த மஞ்சள் நீராக இருந்தால் தயார். சிவப்பு நிறப் பானம் எதுவும் வேண்டாம், உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரைக்கான மாத்திரை அல்லது இன்சுலின், இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி, எதை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சோதனை பொதுவாக அரைமணி நேரம் அளவில் முடியும். மயக்கமருந்தோ தூக்கமருந்தோ கொடுப்பார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். காற்று ஊதுவதால் வயிறு பிசையும். பாலிப்பை வெட்டுவது தெரியவே தெரியாது, குடலின் உள்தோலுக்கு வெட்டுவலி கிடையாது. குடலில் ஓட்டை விழுவதும் கடும் ரத்தப்போக்கும் நடக்கக்கூடியவைதான், ஆனால் அபூர்வம். வீடு திரும்பிய பின் தீராத வயிற்றுவலி, காய்ச்சல், நிறைய ரத்தம் என்றால் உடனே திரும்பிப் போங்கள். அன்று வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் வேண்டும்.

அப்பாவுக்கு 48 வயதில் வந்தது. எனக்கும் வருமா?

வந்தே தீரும் என்றில்லை, ஆனால் உங்கள் கணக்கு மற்றவர்களுடையது அல்ல. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் வந்திருந்தால் அமெரிக்க வழிகாட்டுதல்கள் 40 வயதில் கொலனோஸ்கோப்பி செய்யச் சொல்கின்றன. அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, இரண்டில் எது முந்தியோ அது. உங்களுக்கு 38.

சில குடும்பங்களில் விஷயம் இன்னும் ஆழமானது. லின்ச் நோய்க்குறி என்று ஒன்று உண்டு. செல்களில் டிஎன்ஏ நகலெடுக்கும்போது விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் மரபணு பிறவியிலேயே பழுதாக இருப்பது. பெற்றவர் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. குடல் மட்டுமல்லாமல் பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோயும் இதில் சேர்ந்து வரும். 1895இல் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண், தன் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்து செத்துப்போகிறார்கள், தானும் அப்படித்தான் சாகப்போகிறேன் என்று வார்த்தின் என்ற மருத்துவரிடம் சொன்னார். சொன்னபடியே ஆனது. வார்த்தின் அந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து 1913இல் எழுதினார். அந்தப் பெண்ணின் சந்தேகம்தான் ஆரம்பம்.

இன்று லின்ச் இருப்பது தெரிந்தால் இளவயதிலேயே, ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி செய்கிறார்கள். ஆஸ்பிரின் அவர்களுக்கு அபாயத்தைக் குறைப்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. அதை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், வயிற்றில் ரத்தக்கசிவு வரக்கூடிய மாத்திரை அது. நூற்றுக்கணக்கில் பாலிப் முளைக்கும் எஃப்ஏபி என்ற இன்னொரு பரம்பரை நிலையும் உண்டு. அதில் சிறுவயதிலேயே பரிசோதனை தொடங்கிவிடும்.

அதனால் குடும்பத்தில் யார், எந்த வயதில், எந்தப் புற்றுநோயால் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ‘வயிற்று வியாதி’ என்று மட்டும் சொல்லி முடித்த மரணங்களைப் பற்றி இன்னொரு கேள்வி கேளுங்கள்.

நான் சாப்பிட்டதுதான் காரணமா?

பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. மது, புகை, பருமன், உட்கார்ந்தே இருப்பது எல்லாம் அபாயத்தைக் கூட்டும். முழுதானியமும் நார்ச்சத்தும் குறைக்கும். இவை ஆயிரம் பேரை வைத்துப் பார்த்தால் தெரிகிற விஷயங்கள். உங்கள் ஒருவருக்கு ஏன் வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் வந்திருக்கிறது. ஏற்கெனவே நோய் வந்தவரிடம் ‘நீ அதைச் சாப்பிட்டாய்’ என்று கிளறுவது யாருக்கும் உதவாது.

உறுதியாகிவிட்டது. முதலில் என்ன கேட்க வேண்டும்?

அந்த அறையில் சொல்வதில் பாதி காதில் ஏறாது. கூட ஒருவரை அழைத்துப் போய் எழுதச் சொல்லுங்கள். நோய் எந்த நிலை என்பது ஸ்கேனும், பல சமயம் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனையும் சொல்லும். குடல்சுவரின் உள்ளடுக்குகளோடு நின்றால் முதல் நிலை, சுவரைத் துளைத்து வெளிப்புறம் எட்டினால் இரண்டு, நிணநீர் முடிச்சுகளில் பரவினால் மூன்று, கல்லீரல், நுரையீரல் என்று போனால் நான்கு. முதல் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருடம் கடந்து வாழ்கிறார்கள். நான்காம் நிலையிலும், பரவல் கல்லீரலில் ஓரிரு இடத்தோடு நின்றிருந்தால், அதையும் வெட்டி எடுத்துக் குணமானவர்கள் இருக்கிறார்கள்.

இவற்றைக் கட்டாயம் கேளுங்கள். கட்டியில் எம்எம்ஆர் அல்லது எம்எஸ்ஐ சோதனை செய்தாயிற்றா? (டிஎன்ஏ எழுத்துப்பிழையைத் திருத்தும் வேலை கட்டியில் பழுதாகியிருக்கிறதா என்று பார்ப்பது; பரம்பரை லின்ச் பற்றியும், நோயெதிர்ப்புச் சிகிச்சை பலன் தருமா என்பது பற்றியும் அது சொல்லும்.) பை வைக்க வேண்டி வருமா, நிரந்தரமா தற்காலிகமா? கீமோ என்றால், அதற்குமுன் டிபிடி குறைபாட்டுச் சோதனை உண்டா? ஃபுளோரோயுராசில், கேபசைட்டபின் மருந்துகளை உடைக்கும் நொதி சிலருக்குக் குறைவு, அவர்களுக்கு வழக்கமான அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். இன்னும் பிள்ளை பெற நினைப்பவர்கள் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிப்பதைப் பற்றி சிகிச்சைக்கு முன்பே கேட்க வேண்டும். மருத்துவர்கள் மறப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

பெருங்குடல் என்றால் பெரும்பாலும் முதலில் அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் மூன்று அல்லது ஆறு மாதம் கீமோ. மலக்குடல் என்றால் பல சமயம் முதலில் கதிர்வீச்சும் கீமோவும், பிறகு அறுவை. சிலருக்கு அதிலேயே கட்டி முழுதாகக் கரைந்துவிடும். அப்படிக் கரைந்தவர்களை வெட்டாமல் நெருக்கமாகக் கண்காணித்தால் போதுமா என்று பிரேசிலின் அறுவை மருத்துவர் ஆஞ்சலிட்டா ஹப்ர்-காமா முயன்றபோது பலரும் அவரை நம்பவில்லை. இன்று அது ஏற்கப்பட்ட வழிகளில் ஒன்று. 2022இல், எம்எம்ஆர் குறைபாடுள்ள மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து மட்டும் கொடுத்ததில் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. எல்லோருக்கும் பொருந்தாது, அந்த வகைக் கட்டி குறைவுதான். அதற்காகத்தான் அந்தச் சோதனையைக் கேட்கச் சொன்னேன்.

ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினால் சில நாள் குளிர்ந்ததைத் தொட்டாலே விரல் மின்சாரம் பாய்ந்தது போல் இழுக்கும், குளிர்ந்த நீர் தொண்டையைப் பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கீமோ நடக்கும்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நள்ளிரவானாலும், காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுக்காமல் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

இயற்கை மருத்துவம் மட்டும் போதாதா?

போதாது. கீமோவோடு சேர்த்து மூலிகை எதையாவது எடுப்பதானால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பையோடு எப்படி வாழ்வது?

குடலின் ஒரு முனையை வயிற்றுத்தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைக்கிறார்கள். அதுதான் ஸ்டோமா. முதல்முறை குனிந்து பார்க்கப் பயமாக இருக்கும். வாயின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும். அதற்கு வலி நரம்பு இல்லை, தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது லேசாக ரத்தம் கசிவது சகஜம். நிறம் கறுத்தால் உடனே காட்டுங்கள்.

தொல்லை கொடுப்பது ஸ்டோமா அல்ல, அதைச் சுற்றியுள்ள தோல். பையின் ஓட்டை ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக வெட்டினால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். அறுவைக்குப் பிறகு ஸ்டோமா சுருங்கும் என்பதால் முதல் வாரங்களில் அடிக்கடி அளந்து வெட்டுங்கள். நான் அளக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு பயணத்தின் நடுவில் பை கசிந்து, சட்டை நனைந்து, அழுதேவிட்டேன். அதன்பின் மாற்றுப் பையும் மாற்றுச் சட்டையும் இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை. மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிட வேண்டும். சிறுகுடல் ஸ்டோமா என்றால் உடம்பில் நீரும் உப்பும் வேகமாக இறங்கும். தலைசுற்றல், தசைப்பிடிப்பு வந்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பு-சர்க்கரைக் கரைசல் வேண்டும்.

குளிக்கலாம், நீந்தலாம், வேலைக்குப் போகலாம், துணையோடு படுக்கலாம். கனமான பொருளைத் தூக்குவதில்தான் எச்சரிக்கை தேவை, ஸ்டோமா பக்கத்தில் குடலிறக்கம் வரும். அறுவைக்கு முன்பே ஸ்டோமா செவிலியரைப் பார்த்து, உட்கார்ந்தும் குனிந்தும் காட்டி, இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பாவாடை நாடாவோ பெல்ட்டோ வரும் இடத்தில் ஸ்டோமா அமைந்தால் தினமும் அவஸ்தை.

பையை எடுத்த பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. மலக்குடலை எடுத்தவர்களுக்குச் சேமித்து வைக்கும் இடமே போய்விடுகிறது. ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை ஓடுவது, அடக்க முடியாமல் போவது, வாயுவா மலமா என்று புரியாமல் தவிப்பது எல்லாம் வரும். ஒன்றிரண்டு வருடத்தில் பலருக்கு நன்றாகக் குறையும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் லோபெரமைடு மாத்திரை, சிலருக்கு நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை என்று வழிகள் உண்டு. மலக்குடல் அறுவையும் கதிர்வீச்சும் பாலுறவையும் பாதிக்கலாம்: ஆண்களுக்கு விறைப்புக் குறைவு, பெண்களுக்கு வறட்சியும் வலியும். இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

வீட்டில் ஒருவருக்கு வந்திருக்கிறது. நான் என்ன சொல்ல வேண்டும்?

‘தைரியமா இரு, ஒண்ணும் ஆகாது’ என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிறகு எங்கள் பயத்தை உங்களிடம் சொல்ல முடியாமல் போகிறது. ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்பதும் வேலைக்காகாது, யாரும் கேட்க மாட்டார்கள். ‘செவ்வாய்க்கிழமை கீமோவுக்கு நான் கூட வருகிறேன்’ என்று நாளும் வேலையும் சொல்லுங்கள். மருந்து நேரம், காய்ச்சல், மலம் போன எண்ணிக்கை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் உதவிதான்.

நோயாளியிடமே மறைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் தலைமுடி கொட்டுகிறவருக்கும் வயிற்றில் பை இருக்கிறவருக்கும் தெரியாமல் இருக்காது. அவர் உங்களுக்காக நடிப்பார், நீங்கள் அவருக்காக நடிப்பீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரையே கேட்டு, அந்த அளவுக்கு மட்டும் சொல்லலாம்.

பார்த்துக்கொள்கிறவருக்கும் உடம்பு உண்டு. வாரத்தில் ஒரு அரைநாளாவது வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.

வலிநிவாரணச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. வலி, வாந்தி, தூக்கமின்மை, பயம் இவற்றைக் கையாளத் தேர்ந்தவர்கள் அவர்கள். கீமோ நடக்கும்போதே அவர்களைப் பார்க்கலாம். கடைசி வாரத்தில் போவதைவிட முதல் மாதத்திலேயே போவது நல்லது.

சிகிச்சை முடிந்தது. திரும்ப வருமா என்ற பயம் போகவில்லை.

திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள். அதனால்தான் சில மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ (இந்தப் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) ரத்தச் சோதனை, இடையிடையே ஸ்கேன், ஒரு வருடத்தில் கொலனோஸ்கோப்பி என்று ஐந்து வருடம் பின்தொடர்கிறார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் முந்தின வாரம் எனக்கு இன்றும் தூக்கம் கெடும். அது வழக்கம் என்று தெரிந்ததே ஒரு நிம்மதி.

நம் கையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. மூன்று வருடம் பயிற்றுநர் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 80 சதவீதம். உடற்பயிற்சி பற்றிய கையேடு மட்டும் வாங்கிப் போனவர்களில் 74 சதவீதம். பெரும்பாலோர் செய்தது வேகமான நடைதான்.

பரிசோதனைக் கருவி வந்து மூன்று மாதமாகக் குளியலறை அலமாரியில் கிடக்கிறது. இன்னும் செல்லுமா?

குப்பியின் மேல் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், பாருங்கள். தாண்டவில்லை என்றால் நாளைக் காலையே செய்யலாம். தாண்டியிருந்தால் அனுப்பியவர்களிடம் புதிதாக ஒன்று கேளுங்கள், கேட்டால் தருவார்கள். இந்த முறை அலமாரிக்குள் வேண்டாம், கழிப்பறையில் கண்ணில் படுகிற இடத்தில் பேனாவோடு வையுங்கள். தேதி எழுத அந்த நேரத்தில் பேனா கிடைக்காது.